மழைமானி இல்லாத நாற்பது நிமிஷம்

மே 5

அத்தானுக்கு,

இது அலுவலகக் கடிதம். "உங்க அத்தான்தானே, நீங்களே எழுதிடுங்க" என்று தலைமைப் பொறியாளர் என் தலையில் கட்டிவிட்டார். நிலையத்தில் சாட்டிலைட் போன் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் போனில் பேச மனம் வரவில்லை. மூன்று வருஷமாகப் பேசாதவளுக்குத் திடீரென்று வாயில் என்ன வரும்? அதனால் எழுதுகிறேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை மேலே வரும் சாமான் வண்டியில் இது வரும். மீசைக்கார டிரைவர் ராத்தங்கி மறுநாள் காலை இறங்குவாராமே, அதற்குள் பதிலைக் கொடுத்துவிட்டால் போதும்.

விஷயம் இதுதான். ஏப்ரல் 23 காலை உங்கள் பெட்டி அனுப்பிய கணக்குப்படி ஆற்றில் நீர்மட்டம் பூஜ்யம். மழை மூன்று மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். இங்கே ஆபீஸே சிரித்தது. "மூணரை மீட்டர் மழை பெஞ்சிருந்தா நாமெல்லாம் இந்நேரம் செவுள் வழியா மூச்சு விட்டுட்டு இருப்போம்" என்றார் பக்கத்து மேஜைக்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெட்டிக்குள் ஓடும் இயங்குதளத்தைக் கட்டியது நான்.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. பெட்டியில் செருகியிருக்கும் ஒவ்வொரு கருவியும் இயங்குதளத்துக்கு ஒரு கோப்பு. அந்தக் கோப்பைத் திறந்து படித்தால் கருவி சொல்லும் எண் கிடைக்கும். இந்தச் சாதனக் கோப்புகளை நான் முன்கூட்டியே கையால் உண்டாக்கி ஒரு நிலையான பட்டியலாக வைத்துவிட்டேன். பூஜ்யம் நீர்மட்டமானி, ஒன்று மழைமானி. ஆனால் எந்தக் கருவிக்கு எந்த எண் என்பதை என் பட்டியல் தீர்மானிப்பதில்லை. எது முதலில் குரல் கொடுக்கிறதோ அதற்குப் பூஜ்யம். அன்றைக்கு மழைமானி முந்திக்கொண்டது. இரண்டும் பெயர் மாறிப் பேசின.

எனக்குத் தெரிய வேண்டியவை: அன்று யாராவது ஒயரைக் கழற்றினார்களா, மின்சாரம் போய் வந்ததா, பெட்டியில் எத்தனை துளைகள், எதில் எது செருகியிருக்கிறது, கருவிகளைப் பெட்டியோடு இணைக்கும் கன்வெர்ட்டர்களின் மேல் வரிசை எண் ஏதாவது அச்சடித்திருக்கிறதா.

ஜூன் நடுவில் மழை தொடங்கிவிடும். கீழே குவாரிக் குடியிருப்பில் எழுபது வீடுகள். ஆற்றைக் கடக்கும் தாழ்பாலத்தில் வண்டிகளை நிறுத்தும் கேட்டும் குடியிருப்பின் சைரனும் உங்கள் பெட்டி சொல்லும் எண்ணை நம்பித்தான் நிற்கின்றன. தாமதிக்க வேண்டாம்.

சின்னவள்


மே 6

சின்னவளுக்கு,

முதல் வரியிலேயே அலுவலகக் கடிதம் என்று போட்டுவிட்டாய். சந்தோஷம். அலுவலகக் கடிதத்தில் யாரும் "வாயில் என்ன வரும்" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. போகட்டும், நானும் அலுவலகமாகவே பதில் சொல்கிறேன்.

ஒயரை யாரும் கழற்றவில்லை. கழற்றுவதற்கு இங்கே ஆள் வேண்டுமே. நானும், கூரைத் தகட்டில் வந்து உட்காரும் ஒரு காக்கையும்தான். காக்கைக்கு யுஎஸ்பி தெரியாது. அன்றைக்கு மின்சாரம் இரண்டு தடவை போய் வந்தது. அதில்தான் ஏதோ குழம்பியிருக்கும்.

துளைகள் மூன்று. முதலாவதில் நீர்மட்டமானி, நடுவில் மழைமானி, கடைசியில் செய்தி அனுப்பும் மோடம். மூன்றும் நிறைந்திருக்கின்றன. கன்வெர்ட்டர்கள் இரண்டும் ஒரே கடையில் வாங்கிய கறுப்புப் பிளாஸ்டிக். வரிசை எண் என்ற பேச்சே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கையில் கொடுத்தால் எனக்கே எது எதுவென்று தெரியாது.

நீ கேட்காததையும் சொல்கிறேன். ஒரே அறை. கட்டில், ஸ்டவ், மேஜை, சுவரில் உன் பெட்டி. கதவைத் திறந்தால் பன்னிரண்டு படி, அதன் கீழே ஆறு, ஆற்றுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்த அளவுகோல். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு மணிக்கு இறங்கி, கண்ணால் பார்த்து, நோட்டில் எழுதுவேன். எழுதுவதற்கு முன் எண்ணை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். தொண்டை வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டாமா? போன வண்டி வந்தபோது மீசைக்காரர், "என்ன சார், குரல் கட்டிப்போச்சா?" என்று கேட்டார். கட்டவில்லை. பதினாலு நாள் கழித்து அப்போதுதான் ஒரு முழு வாக்கியம் பேசினேன்.

என் அபிப்பிராயம்: பழைய பட்டியலே இருக்கட்டும். எனக்கு அது பழகிவிட்டது. தப்பு வந்தால் நானே சரிசெய்துகொள்கிறேன். தானாக யோசிக்கிற சமாச்சாரங்களை உள்ளே விடாதே. பயப்பட ஒன்றுமில்லை.

சாப்பிடுகிறாயா ஒழுங்காக?

அத்தான்


மே 19

அத்தானுக்கு,

உங்கள் கடைசி வரிக்கு முந்தின வரியைப் படித்துவிட்டு உங்கள் கடிதத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். இரண்டு நாள் தொடவில்லை.

முதலில் வேலை. என் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, நீங்கள் சொல்லும் பழைய நிலையான பட்டியல். எளிமை, ஓட்டுவதற்கு ஒன்றுமே தேவையில்லை. ஆனால் அது குருட்டுப் பட்டியல். கருவி இருந்தாலும் கோப்பு இருக்கும், இல்லாவிட்டாலும் கோப்பு இருக்கும். செருகினது, கழற்றினது எதுவும் அதற்குத் தெரியாது.

அடுத்தது எம்டெவ் என்று ஒரு சின்ன நிரல். கருவி வந்தால் கோப்பை உண்டாக்கும், போனால் அழிக்கும். சிறிய பெட்டிகளுக்கென்றே செய்தது. தலைமைப் பொறியாளருக்கு இதில்தான் ஆசை. எனக்கு என்ன தயக்கம் என்றால், ஒரே மாதிரி இரண்டு கருவி இருக்கும்போது எது எது என்று பிரித்துச் சொல்ல அதனோடு நிறைய மல்லுக்கட்ட வேண்டும்.

மூன்றாவது யூடெவ். கொஞ்சம் கனமானது, பெட்டி விழிக்கச் சில நொடி கூடும். ஆனால் விதி எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு கருவியையும் விசாரித்து, அதற்கென்று மாறாத பெயர் வைக்கும். மழைமானி எப்போது குரல் கொடுத்தாலும் அதன் கோப்பு "மழை"தான். வழக்கமாக வரிசை எண்ணை வைத்து அடையாளம் காண்போம். உங்கள் கறுப்புப் பிளாஸ்டிக்குகளுக்கு அது இல்லாததால் துளையை வைத்துத்தான் காண முடியும். முதல் துளையில் இருப்பது நீர்மட்டம், நடுத்துளையில் இருப்பது மழை. அதாவது, யாரும் மாற்றிச் செருகமாட்டார்கள் என்று நம்பி எழுத வேண்டும்.

யாரும் என்றால் நீங்கள்.

இங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை அத்தான். "பயப்பட ஒன்னுமில்ல, நீ வேலைய முடிச்சிட்டு வா." மூன்று வருஷத்துக்கு முன், அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த அந்தப் புதன்கிழமையும் போனில் இதைத்தான் சொன்னீர்கள். நான் எங்கோ ஒரு தூரத்து நீரேற்று நிலையத்தில் பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தேன். உங்களை நம்பி வெள்ளிக்கிழமை வரைக்கும் பொருத்தினேன். சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கினால், வாசலில் செருப்புக் கூட்டம். எனக்கு இருந்தது ஒரே ஒரு அக்கா.

அதே வார்த்தையை மறுபடியும் எனக்கு எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

சி.


மே 20

சின்னவளுக்கு,

மீசைக்காரர் வெளியே வண்டியில் தூங்கிவிட்டார். குறட்டை ஆற்றுச் சத்தத்தை அமுக்குகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருக்கிறார் என்று தெரிந்தால் எழுத முடிகிறது.

அந்த வார்த்தையை யோசிக்காமல் எழுதிவிட்டேன். அது என் நாக்கிலேயே ஒட்டிக்கொண்ட வார்த்தை. அடுத்தவர்களுக்குச் சொல்வதுபோல எனக்கே சொல்லிக்கொள்வது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "அவங்களுக்கு வேண்டியவங்களை வரச் சொல்லுங்க" என்று டாக்டர் திங்கட்கிழமையே சொன்னார். ஆமாம், திங்கட்கிழமை. நான் தலையாட்டிவிட்டு வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தேன். உன் பெயர் திரையில் இருந்தது. அழுத்தவில்லை. உன்னைக் கூப்பிட்டால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது. கூப்பிடாதவரை அவள் வெறும் காய்ச்சல்காரி. புதன்கிழமை நீயாகக் கூப்பிட்டபோதும் அதே பைத்தியம்தான் என் வாயால் பேசியது. அவள் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நான் மறைக்கவில்லை. எல்லாம் நானே. அவள் கண்மூடியபோது நீ பக்கத்தில் இல்லை. அதைச் செய்தது நான்.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. அப்படிக் கேட்டால் நீ மாட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். உன்னை அந்தச் சங்கடத்தில் ஏன் மாட்டிவைக்க வேண்டும்?

பெட்டிக்கு எது வேண்டுமானாலும் போடு. என்னைக் கேட்டால் பழைய பட்டியலே போதும் என்பேன். கேட்கவில்லை என்றால் சும்மா இருப்பேன்.

அத்தான்


ஜூன் 2

அத்தானுக்கு,

திங்கட்கிழமையா? எனக்குப் புதனிலிருந்துதான் கணக்கு இருந்தது. இப்போது இரண்டு நாள் கூடிவிட்டது. நிஜத்தைச் சொன்னதற்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை. சொல்லவில்லை.

யூடெவ் என்று முடிவு செய்துவிட்டேன். தலைமைப் பொறியாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "அத்தனை பெரிய சாமான் அந்தக் குட்டிப் பெட்டிக்கு எதுக்கும்மா?" என்றார். பெயர் மாறினால் கேட் மூடாது, கேட் மூடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இத்துடன் புது இயங்குதளம் ஏற்றிய ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன். பெட்டியை அணைத்து, பழைய கார்டை எடுத்து, இதைச் செருகி, மறுபடி போடுங்கள். வெள்ளைப் பெயின்ட் இருந்தால் முதல் துளை மேல் ஒரு புள்ளி, நடுத்துளை மேல் இரண்டு. கன்வெர்ட்டர்களிலும் அதேபோல். அப்புறம் அவற்றைத் தொடாதீர்கள்.

மின்சாரம் விட்டு விட்டு வருவதாகச் சொன்னீர்களே, அதற்கும் ஒன்று செய்திருக்கிறேன். ஒரு கருவி காணாமல் போனால் நிரல் பதறாது. அது திரும்பி வரும்வரை கடைசியாகச் சொன்ன எண்ணையே அனுப்பிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் கேட் மூடி, குவாரி லாரிக்காரர்கள் வரிசையில் நின்று, எங்களைத் திட்டித் தீர்ப்பார்கள்.

பட்டியலை நம்பாமல் உங்களை நம்பி எழுதியிருக்கிறேன். இதற்கு வேறு அர்த்தம் எதுவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கன்வெர்ட்டரில் எண் இல்லை, அவ்வளவுதான்.

சி.


ஜூன் 3

சின்னவளுக்கு,

கார்டு போட்டாயிற்று. பெயின்டும் அடித்தாயிற்று. பெட்டி இப்போது விழித்துக்கொள்ள நேரமெடுக்கிறது, விடுமுறை நாளில் உன் அக்கா மாதிரி. எண்கள் சரியாக இருக்கின்றன. அளவுகோலோடு ஒப்பிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். சும்மா தெரிந்துகொள்ளத்தான். இந்தப் புதுச் சாமான், வந்தது போனது எல்லாவற்றையும் எழுதியும் வைக்குமா?

அத்தான்


ஜூன் 16

அத்தானுக்கு,

வைக்கும். ஒவ்வொரு நாளும் எண்களோடு சேர்த்து இங்கே அனுப்பியும் வைக்கும். நீங்கள் கேட்ட அன்றே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

பதிமூன்று நாள் பதிவையும் இன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். பொய் சொல்லக்கூடாது, அரைகுறையாகப் போன வாரமே பார்த்தேன். தற்செயலாக இருக்கும் என்று தள்ளினேன். தற்செயல் பதிமூன்று நாள் ஒரே நேரத்துக்கு வராது. தினமும் மாலை ஆறே முக்காலுக்கு நடுத்துளையிலிருந்து மழைமானி போகிறது. அரை நிமிஷத்தில் அதே துளையில் ஒரு பென் டிரைவ் வருகிறது. ஏழு இருபத்தைந்துக்கு அது போய், மழைமானி திரும்புகிறது. நாற்பது நிமிஷம். ஒரு நாள் விடாமல்.

ஒயரை யாரும் கழற்றவில்லை என்று எழுதினீர்கள். காக்கைக்கு யுஎஸ்பி தெரியாது என்று ஜோக் வேறு.

அந்த நாற்பது நிமிஷமும் கடைசி எண்ணைத்தான் என் நிரல் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறது. மழை பூஜ்யம், மழை பூஜ்யம் என்று. அந்த நேரத்தில் மலை மேல் கொட்டினால் இங்கே ஒருவருக்கும் தெரியாது. நீர்மட்டம் ஏறித்தான் தெரியும். அது அரை மணி நேரம் தாமதம்.

தலைமைப் பொறியாளரிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் போனை எடுத்து நிலையத்து எண்ணில் பாதி அழுத்தினேன். வைத்துவிட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் கத்துவேன், இல்லையென்றால் அழுவேன். ஆபீஸில் இரண்டும் செய்ய முடியாது. மத்தியானம் வண்டி கிளம்புகிறது, சாயங்காலம் இது உங்கள் கையில் இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

இதைப் படித்த நிமிஷத்திலிருந்து நிறுத்துங்கள். அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பென் டிரைவில்?

சி.


ஜூன் 27

சின்னவளுக்கு,

உன் பதினாறாம் தேதிக் கடிதம் நேற்று என் கைக்கு வந்தது. வண்டியை மணலிலிருந்து இழுத்து வெளியே போட்டவர்கள் சீட்டுக்கு அடியில் பையைக் கண்டெடுத்தார்களாம். மை கரைந்திருந்தது. வெயிலில் காயவைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தேன். "சாயங்காலம் இது உங்கள் கையில் இருக்கும்" என்ற வரி மட்டும் கரையவே இல்லை.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று நினைக்காதே. என் வாயால் ஒரு முறை சொல்ல வேண்டும்.

பதினாறாம் தேதி ஆறு மணிக்கு அளவுகோலைப் பார்த்தேன். மூன்று மீட்டர் எழுபது. வானம் மேற்கே கறுத்திருந்தது. கறுத்திருந்தது தெரிந்தும், ஆறே முக்காலுக்கு மழைமானியைக் கழற்றினேன். மழை வந்தால் தகரக் கூரையில் சத்தம் கேட்காதா என்று நினைத்தேன். மேலே, காட்டுக்குள் பெய்கிற மழை என் கூரையில் எப்படிக் கேட்கும்? ஸ்பீக்கரை வேறு சத்தமாக வைத்திருந்தேன். முடிந்து, கதவைத் திறந்தால் படி எட்டுதான் இருந்தது. நாலு படியைக் காணவில்லை.

சாட்டிலைட் போனில் உன் ஆபீஸ் டியூட்டி ஆளிடம் கத்தினேன். "மழை பூஜ்யம்னு காட்டுது சார், நீர்மட்டம் இப்பதான் ஏறுது" என்றான். கேட்டை மூடு, சைரனை அடி என்றேன். அடித்தான். குடியிருப்பில் எழுபது வீட்டுக்காரர்களும் மாற்றுத் துணிகூட எடுக்காமல் மேட்டுக்கு ஓடினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். ஆனால் கேட் மூடுவதற்கு ஆறு நிமிஷம் முன்னால் மீசைக்காரர் தாழ்பாலத்தில் இறங்கிவிட்டார்.

அஞ்சு மணி நேரம் வண்டிக் கூரையில் இருந்தார். வண்டி புரண்டபோது இடுப்பு நசுங்கிவிட்டது. இனி நடப்பாரா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. எனக்கு உருளைக்கிழங்கும் மண்ணெண்ணெயும் உன் கடிதமும் கொண்டு வந்த மனிதர்.

ஏப்ரலிலும் நான்தான். இரண்டையும் கழற்றித் தூசி தட்டிவிட்டு, மழையை முதலில் செருகிவிட்டேன். மின்சாரத்தின் மேல் பழி போட்டேன். பழைய பட்டியல் போதும் என்று ஏன் மன்றாடினேன் என்று இப்போது புரிகிறதா? அதற்குக் கண் இல்லை.

என் போன் முதல் வருஷமே ஆற்றில் விழுந்துவிட்டது. இங்கே பாட்டுப் போடக்கூடிய ஒரே சாதனம் உன் பெட்டி. அதில் எச்சரிக்கை ஒலிக்கென்று ஒரு ஸ்பீக்கர் உண்டு. பென் டிரைவில் இருப்பது உன் அக்காவின் குரல். புதுப் போன் வாங்கியபோது எதையோ அழுத்திவிட்டு, அது ஓடுவது தெரியாமல் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டாள். நாற்பது நிமிஷம் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் பாத்திரச் சத்தம்தான். மழையை ஜன்னல் வழியாக நானே பார்த்துக்கொள்ளலாம், அவளை எங்கே பார்ப்பது என்று மழைமானியைக் கழற்றினேன்.

விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். நீ பதிவை மறைக்காதே.

அத்தான்


ஜூலை 2

அத்தானுக்கு,

நீங்கள் சாட்சி சொல்லிவிட்டு வெளியே போனபின் என்னைக் கூப்பிட்டார்கள். வராந்தா பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். நிறைய நரைத்துவிட்டது. நான் உங்களைத் தாண்டித்தான் போனேன். கால் நிற்கவில்லை.

நான் சொன்னது இது: கழற்றுவது எனக்கு ஒன்பதாம் தேதியே தெரியும். மழைமானி காணாமல் போனால் கூச்சல் போட வேண்டிய நிரலை வாயை மூடிக்கொண்டு பூஜ்யம் அனுப்பு என்று எழுதியது நான். பதினாறாம் தேதி காலை போனில் ஒரு நிமிஷம் பேசியிருந்தால் போதும். சொந்தக் கோபத்தில் பேசவில்லை, கடிதம் எழுதினேன். அதை யார் கையில் கொடுத்தனுப்பினேன் என்றும் சொன்னேன்.

"என்னம்மா இது, உங்களை யாரும் கேட்கலையே" என்றார் தலைமைப் பொறியாளர், ஏதோ நான் அவர் மேஜையில் தண்ணீரைக் கொட்டிவிட்ட மாதிரி.

என்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து ஆவண அறை. ஆனால் கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பென் டிரைவில் நீங்கள் சொன்னது மட்டும்தான் இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இது தெரிந்த ஆள் இங்கே வேறு யாரும் இல்லை. அது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் திறக்கக்கூடாது என்று இதை எழுதுகிறேன்.

டிரைவர் எப்படி இருக்கிறார்?

சி.


ஜூலை 4

சின்னவளுக்கு,

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். மாடிப்படி அடியில், ஜன்னல் கிடையாது. பகலெல்லாம் மீசைக்காரர் பக்கத்தில்தான். அவர் மனைவிக்கு வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது, அதனால் என்னை விரட்டவில்லை. இன்றைக்குக் கால் கட்டைவிரலை அசைத்தார். "பாத்தீங்களா சார், கியர் விழுது" என்றார். நான் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

பென் டிரைவில் ஒரே ஒரு கோப்பு. அதன் நீளத்தைப் பார், பெயரைப் பார், எழுதிக் கொடு, திருப்பி அனுப்பு. கேட்காதே. நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

அத்தான்


ஜூலை 11

அத்தானுக்கு,

கேட்டுவிட்டேன். உங்கள் அந்தரங்கம் என்று நினைத்து ஐந்து நாள் அடக்கிக்கொண்டேன். அப்புறம் அக்காவின் குரல் என் இழுப்பறையில் இருக்கும்போது நான் ஆவண அறையில் உட்கார்ந்து தடித்த கோப்புகளுக்கு நூல் கட்டுவது என்னால் முடியவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து, கதவைத் தாழிட்டு, தரையில் உட்கார்ந்து கேட்டேன்.

அதில் நானும் இருக்கிறேன் என்று நீங்கள் சொல்லவே இல்லை.

முதலில் என்னைத் தெரியவில்லை. யாரிந்தக் கத்துகிற பெண் என்று நினைத்தேன். உங்களைப் பற்றித்தான் சிரிக்கிறோம். நீங்கள் சட்டைப் பொத்தானைச் சாலிடர் வைத்து ஒட்டப் பார்த்த கதை. அக்கா சிரித்துச் சிரித்து விக்குகிறாள். அவளுக்கு அப்படி விக்கும் என்பதையே மறந்திருந்தேன்.

அப்புறம் இருபத்தாறாவது நிமிஷம்.

"ரெண்டு மாசமா வயித்துல ஒரு வலி வந்து வந்து போகுதுடி" என்கிறாள் அக்கா. "அவர்கிட்ட சொல்லல, பதறிடுவார். நீ ஒரு நாள் என்கூட வர்றியா, டாக்டர்கிட்ட போயிட்டு வரலாம்?"

"வாயுவா இருக்கும்க்கா" என்கிறேன் நான். "இதுக்கெல்லாமா டாக்டர்? சுடுதண்ணி குடி. ஏய், அந்த வெங்காயத்த இப்படித் தள்ளு." அதோடு என் ஆபீஸ் கதையை ஆரம்பித்துவிடுகிறேன். பத்து நிமிஷம் விடாமல் பேசுகிறேன். அக்கா "ம்" கொட்டுகிறாள்.

இப்படி ஒரு பேச்சு நடந்ததே எனக்கு நினைவில்லை. சத்தியமாக இல்லை. மூன்றாவது முறை கேட்டபோதும் வேறு யாரோ பேசுவது மாதிரிதான் இருந்தது.

மூன்று வருஷமாக இதைத் தினமும் கேட்டிருக்கிறீர்கள். நான் உங்களைத் திட்டி எழுதிய அன்றும் கேட்டிருப்பீர்கள். இந்த ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தால் என் வாய் அன்றே அடைத்திருக்கும். திங்கட்கிழமை, புதன்கிழமை என்று கணக்குப் பார்த்தவளிடம், அவள் போவதற்கு எட்டு மாசத்துக்கு முன்னாலேயே உன்னிடம் சொல்லியிருக்கிறாள் என்று ஒரே ஒரு வரி. ஏன் எழுதவில்லை?

அந்த நிமிஷத்தை எப்படி அத்தான் ஒவ்வொரு நாளும் கேட்டுக் கடந்தீர்கள்?

சின்னவள்


ஜூலை 13

சின்னவளுக்கு,

கேட்காதே என்று சொன்னேன். நீ என்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டாய்?

கடக்கவில்லை. "ரெண்டு மாசமா" என்று அவள் ஆரம்பிக்கும்போது நான் இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொள்வேன். அறுபது எண்ணுவேன். கையை எடுத்தால் நீ உன் ஆபீஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாய். அங்கிருந்து கேட்பேன். முதல் நாள் தெரியாமல் கேட்டதுதான், அப்புறம் ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தப் பேச்சில் உன் வார்த்தை என்னவென்று கேட்டால் எனக்கு முழுசாகச் சொல்லத் தெரியாது. நிஜம்.

ஏன் எழுதவில்லை என்றால், எழுதினால் நீயும் என்னை மாதிரி ஆகிவிடுவாய். என்மேல் கோபமாக இருந்தவரை உனக்கு ஒரு பிடிமானம் இருந்தது. வேலைக்குப் போனாய், பெட்டி கட்டினாய், தலைமைப் பொறியாளரோடு சண்டை போட்டாய். ஒரு வீட்டில் ஒருத்தர் இப்படி இருந்தால் போதாதா?

அந்த வலியை அவள் அப்புறம் அதே மாதம் என்னிடமும் சொன்னாள். மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிரிக்கெட் பார்த்தேன். அதை யாரும் பதிவு செய்யவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மீசைக்காரரைப் பதினேழாம் தேதி முதன்முதலாக எழுப்பி உட்கார வைக்கிறார்கள். பிடிக்க இரண்டு ஆள் வேண்டுமாம். ஒரு பக்கம் நான். இன்னொரு பக்கத்துக்கு நர்ஸ் ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள். காலை ஒன்பது மணி, இரண்டாவது மாடி, லிஃப்டை விட்டு இறங்கினால் இடது பக்கம் மூன்றாவது கட்டில்.

அத்தான்